மூங்கில் வில்லா, மர வில்லா? மதுரை வெயிலில் எது நிற்கும்?

நீள்வில் என்றாலே வேட்டைதான் பலருக்கும் நினைவில் வரும். ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அழகர்மலையிலோ சிறுமலையிலோ ஒரு முயலைக்கூட அடிக்கக் கூடாது. அடிக்க முயன்றாலே குற்றம். அதனால் இங்கே பேசுவது வைக்கோல் இலக்கில் எய்யும் வில்லைப் பற்றி. வேட்டைக்கு அனுமதி உள்ள அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் மானுக்குக் குறைந்தது 40 பவுண்டு இழுவை (நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை) கேட்கிறார்கள். இலக்குப் பயிற்சிக்கு அவ்வளவு தேவையில்லை. புதிதாகப் பழகுகிறவருக்கு 25 முதல் 30 பவுண்டு, அதாவது 11 முதல் 14 கிலோ போதும். நாணைத் தொங்கு தராசில் மாட்டி 28 அங்குலம் இழுத்தால் கணக்கு தெரிந்துவிடும்.

மூங்கிலின் பலம் அதன் பச்சைத் தோலில் இருக்கிறது. தோலை ஒட்டிய நார்தான் நெருக்கமானது, இழுவிசையைத் தாங்குவது. எனவே தோல் பக்கம் வில்லின் முதுகாக, இலக்கைப் பார்த்து இருக்க வேண்டும். அதில் அரம் படவே கூடாது. கணுவைச் சீவி மட்டமாக்க நினைப்பவர்கள் அந்த இடத்திலேயே வில்லை முறித்துக்கொள்கிறார்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட கெட்டி மூங்கிலாக எடுத்து, பிளந்து, இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்த வேண்டும். ஊறும்போது மாவுச்சத்து கரைந்து வெளியேறும். அது மிஞ்சினால் வண்டு துளைத்து உளுத்துப்போகும். வில்லுக்கு அடியில் மஞ்சள் மாவு கொட்டிக் கிடந்தால் அந்த வில்லை நம்பக் கூடாது.

மூங்கிலின் குறை உட்புறத்தில். அங்கே நார் தளர்வு, அழுத்தத்தைத் தாங்காது. நாள்பட நாண் கழற்றிய பிறகும் வில் வளைந்தே நிற்கும், அம்பின் வேகம் குறையும்.

ஒற்றை மர வில்லுக்கு மரம் கிடைப்பதே பாதி வேலை. புளியும் வேம்பும் முறுக்கு நார், வில்லுக்கு ஆகாது. வண்டிச் சட்டத்துக்கும் கருவிப் பிடிக்கும் பயன்படும் சடச்சி நன்றாக வளைந்து கொடுக்கும். காட்டில் வெட்டாமல் மரக்கடையில் கேட்டு வாங்குங்கள். ஆறடி நீளத்துக்கு முடிச்சு இல்லாமல், நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட வேண்டும். நார் பக்கவாட்டில் வெளியேறும் இடத்தில் மரம் சிம்பு சிம்பாகப் பிரியும். இங்கிலாந்தின் யூ மர வில் பெயர் பெற்றதற்குக் காரணம் ஒரே கட்டையில் இரண்டு வேலை நடப்பதுதான்: வெளிறு (பட்டையை ஒட்டிய வெளிமரம்) முதுகில் இழுபடும், வைரம் (நடுமரம்) வயிற்றில், அதாவது எய்பவரைப் பார்த்த பக்கத்தில், அழுத்தம் வாங்கும்.

அதே உத்தியை இங்கே செய்யலாம். மூங்கில் முதுகு, சடச்சி வயிறு, நடுவில் எபாக்ஸி பசை. மூன்றில் எங்கள் தேர்வு இதுதான், பசை மட்டும் வெயிலில் கவனம் கேட்கும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் இளகிப் பிரிந்துவிடும்.

மதுரைக்காரர்கள் தவறும் இடம் ஈரப்பதம். மர வில்லில் 8 முதல் 10 சதவீத ஈரம் இருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரணில் போட்டால் சுக்காகக் காய்ந்து, இழுத்ததும் ஒடியும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறினால் ஒடியாது, ஆனால் வளைவு நிலைத்துவிடும். ஆளிவிதை எண்ணெய் தடவி, மேலே தேன்மெழுகு தேய்த்து, உள்சுவரில் படுக்கைவாட்டில் இரண்டு ஆணி மேல் வையுங்கள். மூங்கில் முதுகுக்குத் தோலே காப்பு. வெட்டிய ஓரங்களுக்கு மட்டும் எண்ணெய் போதும்.

நாண் எந்த வில்லுக்கும் டாக்ரான் என்ற பாலியஸ்டர் நூல்தான். நைலான் கயிறு நீண்டுகொண்டே போகும். நீட்சியே இல்லாத நவீன நூல், நாண் மாட்டும் முனையான குதையைப் பிளந்துவிடும். மூடிய முஷ்டியில் கட்டைவிரலை நிமிர்த்தினால் வரும் உயரம், சுமார் 6 முதல் 7 அங்குலம், வில்லுக்கும் நாணுக்கும் நடுவே இருக்கட்டும். எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிட வேண்டும். அம்பில்லாமல் இழுத்து விடுவது மூன்று வகையையும் கொல்லும்.

வாங்கும் முன் வில்லை வெளிச்சத்தில் சாய்த்து வயிற்றுப் பக்கத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். குறுக்கே மயிரிழை போல மடிப்பு தட்டினால், அங்கே நார் ஏற்கெனவே நொறுங்கியிருக்கிறது. விலை எவ்வளவு குறைந்தாலும் அதை எடுக்காதீர்கள்.