பென் லோமண்ட்: எல்லோரும் போகும் பாதையா, டார்மிகன் முகடா?

கிளாஸ்கோவிலிருந்து ஒரே நாளில் ஏறி இறங்கித் திரும்பக்கூடிய பெரிய மலை எது என்று கேட்டால் முதலில் வரும் பெயர் பென் லோமண்ட். உயரம் 974 மீட்டர். ஸ்காட்லாந்தில் 3,000 அடியை (சுமார் 914 மீட்டர்) தாண்டிய மலைகளை மன்ரோ என்பார்கள். அந்தப் பட்டியலில் உள்ள 282 மலைகளில் தெற்குக் கோடியில் இருப்பது இதுதான். நிறையப் பேருக்கு இதுவே முதல் மன்ரோ. வெயில் அடிக்கும் சனிக்கிழமைகளில் மலையடிவாரத்தில் உள்ள ரோவர்டெனன் கார் நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடுகிறது.

அங்கிருந்து கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே பாதையில் ஏறி அதிலேயே இறங்குகிறார்கள். அதற்கு மேற்கே, லோமண்ட் ஏரிப் பக்கமாக, டார்மிகன் முகட்டின் வழியே இன்னொரு பாதை உச்சிக்குப் போகிறது. எல்லோரும் போகும் பெரிய பாதையில் போய்த் திரும்பினாலும், ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கினாலும் நடை சுமார் 12 கிலோமீட்டர்தான். ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். ஆக, தூரத்தை வைத்து முடிவெடுக்க முடியாது.

பெரிய பாதையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. காட்டு வழியாக ஏறி, வேலிக் கதவைத் தாண்டி, புல் மூடிய அகன்ற தோள்பகுதியில் நிதானமாக உயர்ந்து, கடைசியில் கொண்டை ஊசி வளைவுகளாக உச்சி முகட்டை அடைகிறது. இத்தனை கால்கள் மிதித்தால் மலைச்சரிவு அரித்துப் போகும். அதைத் தடுக்க, மலையைப் பராமரிக்கும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை பாதையில் கல் பாவி வைத்திருக்கிறது. மேகம் இறங்கினாலும் வழி கண்ணுக்குத் தெரியும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும், முதல்முறை மலை ஏறுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

அதன் குறை கூட்டம் அல்ல, திசை. இந்தப் பாதை வடக்கு நோக்கி ஏறுகிறது. லோமண்ட் ஏரியின் அகன்ற தென்பகுதியும் அதில் சிதறிக் கிடக்கும் தீவுகளும் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடுகின்றன. மூச்சு வாங்க நிற்கும்போது திரும்பிப் பார்த்தால்தான் உண்டு. மற்ற நேரமெல்லாம் முன்னால் போகிறவரின் பையையும் காலடிக் கல்லையும் பார்த்தபடி ஏற வேண்டியதுதான்.

டார்மிகன் வழியில் ஏரி முழு நேரமும் இடப்பக்கம் கூடவே வருகிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து வெஸ்ட் ஹைலேண்ட் வே என்ற நெடும்பாதையில் கரையோரமாக வடக்கே நடந்து, இளைஞர் விடுதியைத் தாண்டினால், சற்று தூரத்தில் வலப்பக்கம் ஒரு சிறு பாதை பிரிகிறது. கவனிக்காமல் கடந்துபோவது எளிது. பிரிந்ததுமே செங்குத்து. மரங்களும் பெரணிப் புதர்களும் நிறைந்த சரிவு அது. கோடையில் பெரணி உயர்ந்து நிற்கும்போது உண்ணிகள் காலில் ஏறும், அரைக்கால் சட்டை வேண்டாம்.

அந்தச் சரிவு முடிந்து மேலே வந்ததும்தான் இந்த வழியின் அருமை தெரியும். ஏரி வடக்கே குறுகிக்கொண்டே போக, எதிர்க்கரைக்கு அப்பால் அரோக்கர் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்புகின்றன. அவற்றில் காப்ளர் 884 மீட்டர்தான், மன்ரோ கணக்கில் கூட வராது. ஆனாலும் அதன் பிளந்த பாறைத் தலையை எங்கிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரியும். 731 மீட்டரில் டார்மிகன் உச்சி. அதன் பிறகு முகடு மேடும் பள்ளமுமாக, சின்னச் சின்னக் குட்டைகளுக்கு நடுவே போகிறது. எதிரே பென் லோமண்டின் பாறை முகம். பெரிய பாதையில் வருகிறவர்களுக்கு இந்த மலை ஒரு பெரிய புல்மேடு. இங்கிருந்து பார்த்தால்தான் அதற்கு எலும்பு இருப்பது தெரிகிறது.

முகடு இறங்கும் தாழ்வில் கரிச்சேறு. ஷூ நனையும், நனையட்டும். சேற்றைச் சுற்றிப் போகிற ஒவ்வொருவரும் பாதையை இன்னும் ஓரடி அகலமாக்குகிறார்கள். இந்த முகடு இப்படியே இருக்க வேண்டும் என்றால் நடுவிலேயே மிதித்துப் போங்கள். அதைத் தாண்டியதும் கடைசி ஏற்றம். செங்குத்தான பாறை வழி, ஓரிரு இடங்களில் கை ஊன்ற வேண்டியிருக்கும். கயிறெல்லாம் தேவைப்படாது. முடியும் இடத்தில் உச்சியின் அளவைத்தூண், அதாவது நில அளவைக்காக நட்ட தூண். கிழக்கே இறங்கும் நீர் போர்த் ஆற்றுக்கும், மேற்கே இறங்குவது ஏரி வழியாகக் கிளைடு ஆற்றுக்கும் போகிறது.

அதனால் என் முடிவு: டார்மிகனில் ஏறுங்கள், பெரிய பாதையில் இறங்குங்கள். செங்குத்துப் பாறையில் ஏறுவது இறங்குவதைவிட எளிது. அப்புறம், இறங்கும்போது தெற்கு உங்கள் முன்னால் விரிகிறது. ஏறுகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்த தீவுகளெல்லாம் நேர் எதிரே இருக்கும்.

கூட்டத்தைத் தவிர்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் டார்மிகன் தேவையில்லை. வார நாளில் சீக்கிரமே பெரிய பாதையில் போனால் போதும். முகட்டிலும் ஆட்கள் வருவார்கள், குறைவாக, அவ்வளவுதான்.

மேகம் இறங்கியிருந்தால் டார்மிகனை விட்டுவிடுங்கள். மேடுகள் ஒன்றுபோலத் தெரியும், சேற்றில் பாதை மங்கும். பனி உறைந்த காலத்தில் எந்த வழியானாலும் பனிக்கோடரியும், ஷூவில் மாட்டும் முள்தகடுகளான க்ராம்பான்களும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிவதும் அவசியம். உச்சி முகட்டின் வடகிழக்குப் பக்கம் நேர்ச்சரிவு, அங்கே ஓரத்தில் நிற்கக் கூடாது. விபத்து என்றால் 999-ஐ அழைத்து, போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள்.

கார் இல்லாதவர்களுக்கு ஒன்று: பேருந்து ஏரிக்கரைக் கிராமமான பால்மஹா வரைதான். அங்கிருந்து ரோவர்டெனன் சுமார் 10 கிலோமீட்டர். கோடையில் எதிர்க்கரை டார்பெட்டிலிருந்து படகு வருகிறது. அதில் வருவதானால் திரும்பும் படகின் நேரத்தை முதலில் பாருங்கள். அதற்குள் ஐந்து மணி நேரம் கிடைக்காது என்றால் அன்றைக்கு டார்மிகன் உச்சி வரை போய்த் திரும்பினாலே நல்ல நடைதான்.