ஏஎம்ஆர் ஆலோசகர் சேவை: குடிநீர் நிர்வாகம் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

வீடு வீடாகப் போய் குடிநீர் மீட்டரைப் படிக்கும் வேலையை ரேடியோவிடம் விடலாமா (ஏஎம்ஆர், அதாவது தானியங்கி மீட்டர் வாசிப்பு) என்ற கேள்வி எழுந்ததும், நகர நிர்வாகங்கள் பெரும்பாலும் ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துகின்றன. கைக்கு வருவது தடித்த சாத்தியக்கூறு அறிக்கை. அதில் பெரும்பகுதி தொழில்நுட்ப ஒப்பீடு: வண்டியில் போய்ப் படிப்பதா, கோபுரத்தில் ஏற்பி வைப்பதா, சிம் கார்டு வழியா என்று. இந்தப் பகுதிக்குக் கொடுக்கும் காசு வீண். மீட்டர் விற்பவர்களே இதை இலவசமாகச் சொல்லித் தருவார்கள். தெருவில் இறங்கிச் செய்யும் வேலை ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டுமே இந்தச் சேவையை வாங்கலாம்.

அறிக்கை வந்ததும் முதலில் வருவாய் அட்டவணையைப் பாருங்கள். ஏஎம்ஆர் வந்தால் வருவாய் இவ்வளவு கூடும் என்று ஒற்றை எண் போட்டிருப்பார்கள். அதில் பெரும்பங்கு ரேடியோவால் வருவதல்ல. தேய்ந்த மீட்டரைக் கழற்றிப் புதியது மாட்டுவதால் வருவது. மீட்டரை மட்டும் மாற்றினால் எவ்வளவு, அதன்மேல் ரேடியோ சேர்த்தால் கூடுதலாக எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். பிரித்துத் தர முடியாது என்றால், அவர்கள் மீட்டரைச் சோதிக்கவே இல்லை என்று பொருள்.

சோதனை என்பது வயது, அளவு, பகுதி வாரியாகக் குலுக்கல் முறையில் மீட்டர்களைக் கழற்றிச் சோதனை மேடையில் ஓட்டுவது. அமெரிக்க நீர்ப்பணிச் சங்கத்தின் எம்6 கையேடு, வீட்டு அளவான 5/8 அங்குல மீட்டரை நிமிடத்துக்கு 15 கேலன், 2 கேலன், கால் கேலன் என மூன்று ஓட்டங்களில் பார்க்கச் சொல்கிறது. மீட்டர் காட்டும் அளவு, முதல் இரண்டில், உண்மையில் ஓடிய தண்ணீரில் 98.5 முதல் 101.5 சதவீதத்துக்குள் வர வேண்டும். கால் கேலனில் புதிய மீட்டருக்கே 95 வரை இடம் உண்டு. பழைய மீட்டர்கள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான். கழற்றிய மீட்டரின் இரு முனைகளையும் உடனே அடைத்து, உள்ளே ஈரம் காயாமல் கொண்டுபோக வேண்டும். காய்ந்தால் உப்புப் படிவு இறுகி, சோதனையில் வரும் எண் குழாயில் இருந்தபோது ஓடிய எண்ணாக இருக்காது. ஆலோசகர் இதைச் செய்தாரா என்பதைக் கிடங்கில் போய் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டு நகரங்களில் இந்தக் குறைந்த ஓட்டம் இன்னும் பெரிய விஷயம். குடிநீர் மீட்டருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 779-இல் 15 மி.மீ. பி வகுப்பு மீட்டர் ஒழுங்காக அளக்கத் தொடங்குவது மணிக்கு 30 லிட்டரிலிருந்து. தொட்டி நிரம்பி வரும்போது மிதவை வால்வு மெல்ல மெல்ல மூடும். அப்போது நூலாக இறங்கும் தண்ணீர் அந்த எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில், குழாயில் அடைந்த காற்று முதலில் வெளியேறும்போது தண்ணீர் வராமலேயே மீட்டர் சுற்றும். தவறான எண்ணை ரேடியோ வேகமாகக் கொண்டுவந்து சேர்ப்பதில் யாருக்கும் லாபமில்லை. மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்து மல்காப்பூர், ஏஎம்ஆர் மீட்டரை 24 மணி நேர விநியோகத்தோடு சேர்த்துக் கொண்டுவந்தது. அதுதான் சரியான வரிசை. விநியோக நேரத்தைப் பற்றிப் பேசாமல் ரேடியோவைப் பரிந்துரைக்கும் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

அடுத்து, பாகங்கள். மலிவான வகையில், மீட்டருக்குள் சுற்றும் காந்தம், ரீட் சுவிட்ச் என்ற காந்தத்தால் இயங்கும் சிறு சுவிட்சை மூடித் திறக்கும். ரேடியோப் பெட்டி அந்தத் துடிப்பை எண்ணும். வயர் ஒரு வாரம் அறுந்து கிடந்தால் அந்த வாரத் தண்ணீர் கணக்கில் வராது. முகப்பு எண்ணும் கணினி எண்ணும் அதன்பின் தாமாக ஒத்துப்போகவே போகாது. என்கோடர் வகை அப்படியல்ல. எண் சக்கரங்கள் நிற்கும் நிலையையே படித்து அனுப்புவதால், வயரைச் சரிசெய்ததும் சரியான எண் வந்துவிடும். விலை கூடுதல்தான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்கச் சொல்லும் பரிந்துரையை ஏற்க வேண்டாம்.

அமெரிக்க நகரங்களில் மீட்டரிலிருந்து ரேடியோப் பெட்டிக்குச் சிவப்பு, கறுப்பு, பச்சை என மூன்று வயர் போகும். மீட்டர் வைத்திருக்கும் குழியில் பழுதாவது பல நேரம் பெட்டியல்ல, இந்த மூன்றும் சேரும் இடம். முறுக்கி டேப் சுற்றினால் தண்ணீர் ஏறிச் செம்பு பச்சை பூத்துவிடும். ஜெல் நிரப்பிய மூடிதான் போட வேண்டும். அதைவிட, தொழிற்சாலையிலேயே இணைத்து அடைத்து வரும் கேபிள் மேல். குழியின் வார்ப்பிரும்பு மூடி அலையை அடக்கிவிடும் என்பதால், அதில் 1¾ அங்குலத் துளை போட்டு ஆன்டெனாவை மேலே எடுப்பார்கள், அல்லது இரும்பில்லாத மூடி மாற்றுவார்கள். மதிப்பீட்டில் மூடிக்கு என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பிற்பாடு கூடுதல் வேலை என்று பில் வரும்.

பேட்டரி விஷயத்தில் ஏமாறுவது எளிது. ரேடியோப் பெட்டிக்குள் இருப்பது 3.6 வோல்ட் லித்தியம் தையோனில் குளோரைடு செல். 20 ஆண்டு வாரண்டி என்று போட்டிருக்கும். அதன் உட்பிரிவைப் படித்தால் முதல் 10 ஆண்டு முழு மாற்று, அடுத்த 10 ஆண்டு தேய்மானம் கழித்த சலுகை விலை என்றிருப்பது வழக்கம். ஆள் போய் மாற்றும் கூலி பெரும்பாலும் அதில் சேராது. டொராண்டோவில் சுமார் 4.7 லட்சம் இணைப்புகளில் பொருத்திய ரேடியோப் பெட்டிகள் எதிர்பார்த்த ஆயுளுக்கு வெகுமுன்பே செயலிழக்கத் தொடங்கி, உத்தேச பில் போடும் நிலை அங்கே திரும்பி வந்தது. ஏஎம்ஆர் ஒழிக்க வந்ததே அந்த உத்தேச பில்லைத்தான். எனவே செல் ஆயுளை எத்தனை முறை அனுப்புவதாக வைத்துக் கணக்கிட்டார்கள், பதில் கிடைக்காமல் மறுபடி அனுப்பும் முயற்சிகளைச் சேர்த்தார்களா என்று ஆலோசகர் எழுத்தில் வாங்கித் தர வேண்டும்.

பில்லிங் இணைப்பைத்தான் பலரும் கடைசி அத்தியாயத்தில் இரண்டு பத்தியில் முடிக்கிறார்கள். மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரம் 2013-இல் சீமென்ஸ் நிறுவனத்துடன் சுமார் 9 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. புதிய மீட்டரும் பில்லிங் மென்பொருளும் ஒத்துப்போகவில்லை. கன அடியில் அளக்க வேண்டிய இடத்தில் கேலனில் அளக்கும் மீட்டர்களும் பொருத்தப்பட்டிருந்தன. ஒரு கன அடி 7.48 கேலன், அலகு மாறினால் பில் எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2019-இல் நகரம் வழக்குப் போட்டது, 2020-இல் 8.98 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. இதைத் தடுக்கச் செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. ஒவ்வொரு இணைப்புக்கும் பழைய மீட்டரின் கடைசி எண்ணைப் படம் பிடித்து, புதிய மீட்டர் எண், ரேடியோ எண் இரண்டையும் பார்கோடில் ஸ்கேன் செய்து, அலகும் இலக்க எண்ணிக்கையும் குறிக்க வேண்டும். ஒரே குழியில் இரண்டு மீட்டர் இருந்தால் ஒரு வீட்டுக் குழாயைத் திறந்து எது ஓடுகிறது என்று பார்த்தபின்தான் பதிவு. இந்த ஒரு நிமிடச் சோதனையை விட்டால் மாடி வீட்டுப் பில் கீழ் வீட்டுக்குப் போகும்.

ஒரு சிறு பகுதியில் முதலில் நடத்திப் பார்க்கும் முன்னோட்டத்துக்குப் புது லேஅவுட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே எல்லாமே வேலை செய்யும். மழைக்கு நிரம்பும் குழி, அடித்தளம், கார் நிற்கும் இடம், உயர அடுக்ககங்களின் நடு, இவற்றைக் கேளுங்கள். அத்தகைய இடங்களைச் சொல்ல மீட்டர் படிக்கும் ஊழியர்களைவிடத் தெரிந்தவர் இல்லை. அவர்களோடு உட்காராமல் எழுதிய அறிக்கைக்கு மதிப்பில்லை. குறைந்தது இரண்டு பில் சுழற்சிக்குக் கையாலும் படித்து ஒப்பிட வேண்டும்.

மணிக்கு ஒருமுறை எடுக்கும் அளவு தேவையா என்பதையும் இங்கேயே முடிவு செய்யலாம். சான் பிரான்சிஸ்கோவில் தொடர்ந்து மூன்று நாள் தண்ணீர் நிற்காமல் ஓடினால் வீட்டுக்காரருக்குக் கசிவு எச்சரிக்கை போகிறது. இது மெய்யான பயன். மாதம் ஒருமுறை வண்டி ஓட்டிப் படித்தால் இது கிடைக்காது. எச்சரிக்கைக்குப் பின் வரும் அழைப்புகளை எடுக்க ஆள் இல்லையென்றால் வண்டி முறையே போதும்.

ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணம் திட்ட மதிப்பில் சதவீதமாக இருக்கக் கூடாது; திட்டம் பெருத்தால் அவர் சம்பளமும் பெருக்கும். நிலையான தொகை பேசி, மூன்றில் ஒரு பங்கை முன்னோட்ட ஒப்பீடு முடியும்வரை நிறுத்தி வையுங்கள். எந்த மீட்டர் நிறுவனத்திடமும் தரகு இல்லை என்ற உறுதிமொழியும், சோதனை மேடையின் மூல எண்கள் முழுதும் நிர்வாகத்துக்கே சொந்தம் என்ற பிரிவும் கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.