பூங்காவில் பார்த்த பாடும் பறவைகளுக்குக் கணக்கு: நோட்டா, செயலியா, எக்செலா?

காட்டுக்குப் போய்ப் பறவை பார்ப்பவர்கள் பூங்காவில் பார்த்ததைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள். கூண்டில் இருப்பதைப் பார்த்து டிக் அடிப்பதில் என்ன இருக்கிறது என்பார்கள். அவர்கள் பட்டியலோடு போட்டி போடுவது என் நோக்கமில்லை. காக்கைக் குடும்பத்துப் பறவையான ஜாவாப் பச்சை மாக்பையை இன்றைக்கு ஜாவாவின் காட்டில் தேடிப் பார்ப்பது என்னைப் போன்ற ஆளுக்கு நடக்கிற காரியமா? கூண்டுப் பறவைச் சந்தைக்காகப் பிடித்துப் பிடித்தே அதை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பாலி மைனா, கறுப்புச் சிறகு மைனா கதையும் அதேதான். இவற்றையெல்லாம் பூங்காவில் பார்த்தால்தான் உண்டு. பார்த்ததை எழுதி வைக்காவிட்டால் எதைப் பார்த்தோம் என்பதே மறந்துபோகும்.

சிங்கப்பூரின் ஜூரோங் பறவைப் பூங்கா 1971 ஜனவரி 3-ல் திறந்து, 2023-ல் அதே தேதியில் மூடியது. அதே ஆண்டு மே மாதம் அங்கேயே மண்டாயில் பேர்ட் பேரடைஸ் என்ற புதிய பறவைப் பூங்கா திறந்தது. ஜூரோங்கில் பார்த்தவை, ஊருக்குப் போனபோது வண்டலூரில் பார்த்தவை, இனி மண்டாயில் பார்க்கப் போகிறவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கலாம் என்று அப்போதுதான் உட்கார்ந்தேன். எதிரில் இருந்த வழிகள் நான்கு: நோட்டுப் புத்தகம், பறவைப் பதிவுத் தளமான ஈபேர்ட், எல்லா உயிரினங்களையும் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட், எக்செல் மாதிரியான விரிதாள். நான் எடுத்தது விரிதாள். கீழே வருவது நடுநிலை அலசல் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எதை எண்ணுவது என்பதை முதலில் முடித்துவிடலாம். உலகப் பறவைகளில் பாதிக்கு மேல் பாசெரிஃபார்மிஸ் வரிசையைச் சேர்ந்தவை. அதற்குள் ‘ஆஸைன்’ எனப்படும் பெரும்பிரிவுதான் முறைப்படி பாடும் பறவைகள், சுமார் 5,000 இனங்கள். குயில் இதில் வராது, காகம் வரும். சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில் கம்பத்தில் கூண்டேற்றிப் பாடவிடும் ‘மெர்போக்’ வராது, ஏனென்றால் அது புறா வகை. பக்கத்துக் கம்பத்தில் தொங்கும் ‘மாத்தா பூத்தே’, அதாவது வெள்ளைக்கண்ணி, வரும். ஆறுமணிக்குருவி உள்ளிட்ட பிட்டாக்களும் பிராட்பில்களும் பாசெரிஃபார்மிஸ்தான், ஆனால் ஆஸைன் இல்லை. அவற்றுக்குத் தனித் தாள் வைத்திருக்கிறேன். சேர்த்து எண்ணுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, பாதியில் விதியை மாற்றாமல் இருந்தால் சரி.

ஈபேர்டை இரண்டே வரியில் ஒதுக்கிவிடலாம். காட்டுப் பறவைத் தரவுக்கு அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் கூண்டில் அடைபட்டதைப் பதிவிடாதீர்கள் என்பது அவர்கள் விதி. தப்பித்துப் பறந்து திரிவதற்கு ஒரு வகைப்பாடு உண்டு, அடைபட்டிருப்பதற்கு இல்லை. பூங்காவுக்குள் தானாகப் பறந்து வந்து தீனித் தட்டில் கை வைக்கும் ஜாவா மைனாவை வேண்டுமானால் அதில் போடலாம்.

நோட்டுப் புத்தகம் எனக்குப் பிடித்தமானதுதான். மண்டாயின் பெரிய கூண்டுகளுக்குள் நடக்கும்போது கைபேசித் திரை வியர்வை விரலுக்குச் சரியாக வேலை செய்யாது. பென்சில் செய்யும். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்தக் கிளையில் இருந்தது என்று குட்டிப் படமே போட்டு வைக்கலாம். வருடத்துக்கு ஓரிரு முறை போகிறவருக்கு, ஒரே பூங்காவோடு நிற்கிறவருக்கு, இதற்கு மேல் தேவையில்லை. ஆனால் ஒரே இனம் மூன்று பூங்காவில் மூன்று பெயர்ப்பலகையில் மூன்று பெயரோடு இருந்தால், மொத்தம் எத்தனை இனம் என்று கூட்டிப் பார்க்கும்போது நோட்டு காலை வாரிவிடும்.

ஐநேச்சுரலிஸ்ட்தான் உண்மையான போட்டியாளர். கூண்டுப் பறவையை அது மறுப்பதில்லை, ‘அடைபட்டது’ என்று குறியிடச் சொல்கிறது. படம், தேதி, இடம் எல்லாம் தானாக ஏறிவிடும். பட்டியல் நம் கைபேசி தொலைந்தாலும் தொலையாது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

சிக்கல்கள் பிறகு வரும். அடைபட்டது என்று குறித்ததும் அந்தப் பதிவு ‘கேஷுவல்’ தரத்துக்கு இறங்கிவிடும். பெயரைச் சரிபார்க்கும் ஆர்வலர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டாவது, செயலி பெயர் சொல்லும்போது நாம் நிற்கும் இடத்தையும் சேர்த்தே யோசிக்கிறது. காட்டில் இது வரப்பிரசாதம், பூங்காவில் தொல்லை. மண்டாயில் நின்றுகொண்டு ஆப்பிரிக்கக் கூண்டைப் படமெடுத்தாலும், சுற்றுவட்டாரத்தில் வாழும் பறவைகளின் பெயர்தான் அதற்கு முதலில் நினைவுக்கு வரும். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நான் இதைக் கைபேசிச் செயலியில்தான் புழங்கியிருக்கிறேன். கணினியில் திறந்து முழுப் பட்டியலையும் அதிலேயே நடத்துகிறவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

இந்தச் சிக்கல்களோடு வாழ்ந்துவிடலாம். நான் விரிதாளுக்குப் போனதற்குக் காரணம் வேறு. ஓர் இனத்தை ஆய்வாளர்கள் இரண்டாகவோ மூன்றாகவோ பிரிக்கும்போது நம் பழைய பதிவுக்கு என்ன ஆகிறது என்பதுதான் அது.

வெள்ளைக்கண்ணியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகங்களில் இந்தியாவிலிருந்து மலாய்த் தீபகற்பம் வரை ‘ஓரியண்டல் வைட்-ஐ’ என்று ஒரே இனம். இப்போது இந்தியாவில் இருப்பது ஒன்று, சிங்கப்பூரில் பறப்பது ‘ஸ்வின்ஹோ’ என்னும் இன்னொன்று. இந்தோனேசியப் பக்கம் ‘சங்கார்’ என்று மூன்றாவது. காட்டில் பார்த்தவருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. ஈபேர்டோ ஐநேச்சுரலிஸ்டோ இடத்தைப் பார்த்து, சிங்கப்பூர்ப் பதிவை ஸ்வின்ஹோவுக்கும் கோயம்புத்தூர்ப் பதிவை இந்திய இனத்துக்கும் மாற்றிவிடும். அவர் தூங்கி எழுந்தால் பட்டியல் சரியாக இருக்கும்.

பூங்காப் பறவைக்கு அந்த வசதி கிடையாது. அது நிற்கும் இடத்துக்கும் பிறந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. கூண்டுக்குள் இருந்த வெள்ளைக்கண்ணி எந்த ஊர்ச் சந்தையிலிருந்து வந்ததோ, அதன் அப்பன் பாட்டன் எந்தத் தீவோ! இடத்தை நம்பிக் கணினி எடுக்கும் முடிவு இங்கே தவறாகப் போகலாம், அல்லது முடிவெடுக்க முடியாமல் பேரினத்தோடு நின்றுவிடலாம். நான்கு வழிகளையும் எடைபோட இந்த ஓர் உரைகல் போதும் என்று நினைக்கிறேன். பிற்பாடு பிரிந்தால், பார்த்தது எது என்று சொல்லக்கூடிய தடயம் நம் பதிவில் இருக்கிறதா?

என் தாளில் இருக்கும் பத்திகள் இவை. பெயர்ப்பலகையில் இருந்த ஆங்கிலப் பெயர், எழுத்துப் பிசகாமல். பலகையில் இருந்த அறிவியல் பெயர், கிளையினம் போட்டிருந்தால் அதுவும். பூங்கா, கூண்டு, தேதி. பலகையின் படம், பறவையின் படம், இரண்டின் கோப்புப் பெயர்கள். இவற்றை ஒருமுறை எழுதியபின் தொடவே மாட்டேன். கடைசிப் பத்தி மட்டும் ‘இப்போதைய முடிவு’. மாறுவது அது ஒன்றுதான், மொத்தக் கணக்கும் அதிலிருந்துதான். கூகுள் ஷீட்டில், திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் எண்ணும் கவுண்ட்யூனிக் சூத்திரத்தைப் போட்டால் எண் வந்துவிடும். பலகையைப் படமெடுத்த கையோடு பறவையையும் எடுத்துவிட்டால், படங்களின் நேர வரிசையே எது எதற்குரியது என்று சொல்லும். பெரிய கூண்டுகளில் ஒரே பலகையில் ஏழெட்டுப் பறவைகள் இருக்கும், பலகை ஓரிடம், பறவை வேறிடம். அங்கே இந்த வரிசை மிகவும் உதவும்.

இதன் அருமை ஜீப்ரா ஃபிஞ்ச் வரியில் தெரிகிறது. எந்த ஊர்ப் பூங்காவிலும் இருக்கும் சாதாரணக் குருவி, பலகையில் பெரும்பாலும் ‘டீனியோபைஜியா குட்டாட்டா’ என்று இருக்கும். இப்போது இதை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். தீமோர் பக்கத் தீவுகளில் வாழ்வது ஓர் இனம், ஆஸ்திரேலியாவில் வாழ்வது இன்னோர் இனம். முதலில் பெயர் பெற்றது தீமோர்ப் பறவை என்பதால் ‘குட்டாட்டா’ அதற்கே போய்விட்டது. ஆஸ்திரேலியப் பறவை ‘காஸ்டனோடிஸ்’ ஆனது. உலகமெங்கும் கூண்டில் வளர்வது ஆஸ்திரேலிய வம்சம்.

ஆக, பலகையில் உள்ள அறிவியல் பெயரை அப்படியே நம்பினால் நீங்கள் பார்க்காத ஒரு தீவுப் பறவை உங்கள் கணக்கில் ஏறிவிடும். பெயர் வழக்கொழிந்திருந்தால் விரிதாளில் பெயரை இன்னொரு பட்டியலில் தேடும் வீலுக்அப் சூத்திரம் பிழை காட்டும், கண்டுபிடித்துவிடலாம். இங்கே பெயர் உயிரோடு இருக்கிறது, பொருள்தான் மாறிவிட்டது. பிழையே வராது. படத்தைத் திறந்து ஆண் பறவையின் தொண்டையைப் பார்த்தால் தீர்ந்தது. மெல்லிய கறுப்புக் கோடுகள் குறுக்கே ஓடினால் ஆஸ்திரேலியா, தீமோர் ஆணுக்கு அந்தக் கோடுகள் இல்லை. நோட்டில் ‘ஜீப்ரா ஃபிஞ்ச், ஒரு கூட்டம்’ என்று எழுதி வைத்தவர் என்ன செய்வார்?

மலை மைனாவும் இதே ரகம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருப்பது இப்போது தென்னக மலை மைனா என்று தனி இனம். கண்ணுக்குக் கீழே உள்ள மஞ்சள் தோல் மடிப்பும் பிடரியில் உள்ளதும் ஒட்டாமல் நன்றாக விலகி நிற்கும். பலகையில் ‘மலை மைனா’ என்று மொட்டையாக எழுதியிருந்தாலும் பக்கவாட்டுப் படம் ஒன்று இருந்தால் போதும். எனவே மைனாவை முகத்துக்கு நேரே அழகாக எடுப்பதைவிடப் பக்கவாட்டில் சுமாராக எடுப்பது மேல். ஜாவாப் பச்சை மாக்பையும் ஒரு காலத்தில் போர்னியோப் பறவையோடு ஒரே இனமாகத்தான் இருந்தது. அதற்கு இன்னொரு குறிப்பும் எழுதுவேன்: நிறம். தீனியில் லூட்டீன் சத்து குறைந்தால் கூண்டில் அந்தப் பச்சை வெளுத்து நீலமாகிவிடும். படத்தில் நீலமாக இருக்கிறதே என்று பின்னாளில் குழம்பாமல் இருக்க ஒரு வரி.

சேர்ப்பதும் நடக்கும். 2024-ல் ரெட்போல் எனப்படும் சின்னக் குருவிகளின் மூன்று இனங்களை ஒன்றாக்கினார்கள். ஐரோப்பியப் பூங்காக்களில் இவற்றைத் தனித்தனியாக எண்ணி வைத்திருந்தவர்களுக்குக் கணக்கு இறங்கியிருக்கும். விரிதாளில் கடைசிப் பத்தியை மாற்றினால் முடிந்தது. நோட்டில் அடித்தல் திருத்தல்.

எந்தப் பட்டியலைப் பின்பற்றுவது என்ற பழைய தலைவலி இப்போது குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் உலகப் பறவைப் பட்டியல்களில் ஐஓசி ஒன்று சொல்லும், க்ளெமென்ட்ஸ் ஒன்று சொல்லும், பேர்ட்லைஃப் வேறொன்று சொல்லும். கறுப்புச் சிறகு மைனாவை பேர்ட்லைஃப் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தது. இவற்றையெல்லாம் ஒன்றுபடுத்தி 2025 ஜூனில் ஏவிலிஸ்ட் என்ற பொதுப் பட்டியல் வந்தது, 11,131 இனங்கள். எக்செல் கோப்பாகவே இலவசமாகக் கிடைக்கிறது, அதைத் தாளின் இன்னொரு பக்கத்தில் ஒட்டிவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்கச் சுலபம். ஆண்டுக்கொருமுறை புதிய பதிப்பு வரும்போது ஒரு மாலை இதற்குப் போகும். விரிதாளின் உண்மையான விலை இந்த மாலைதான். அதைச் செய்யப் பொறுமை இல்லாதவர் ஐநேச்சுரலிஸ்டிலேயே இருப்பது நல்லது. பெயர் மாற்றங்களை அதுவாகவே பார்த்துக்கொள்ளும், சில பதிவுகள் பேரினத்தோடு நிற்பதைச் சகித்துக்கொண்டால் போதும்.

கிளையினம் வரை போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஜெர்மன்காரர்களின் ட்சூடியர்லிஸ்டே என்ற தரவுத்தளம் உண்டு. எந்தப் பூங்காவில் எது இருக்கிறது, முன்பு எது இருந்தது என்றெல்லாம் போட்டிருப்பார்கள். ஆனால் அது ஐரோப்பாவைச் சுற்றியே. நான் அந்தப் பக்கத்துப் பூங்கா எதற்கும் போனதில்லை, ஆகவே பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றும் சொல்வதற்கில்லை.

நோட்டை நான் முழுவதும் விட்டுவிடவில்லை. கூண்டுக்குள் பென்சிலும் சின்ன நோட்டும், வீட்டுக்கு வந்ததும் தாளில் ஏற்றுவது. அன்றிரவே ஏற்றிவிட வேண்டும், அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் படம் இருக்கும், எந்தக் கூண்டு என்பது போய்விடும். படங்களுக்குக் கைபேசி வைக்கும் பெயரை மாற்றாதீர்கள், தாளில் அந்தப் பெயரைத்தானே எழுதியிருக்கிறோம். தாளையும் படங்களையும் ஒரே கோப்புறையில் போட்டு இன்னோரிடத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.