கரிசல் மண்ணில் எங்கள் வீடு: கட்டித் தந்த நிறுவனத்தைப் பற்றி

திருநெல்வேலிக்கு வடக்கே, மானூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக மனையில் 1,150 சதுர அடியில் வீடு கட்டிக் குடியேறி ஏழு மாதங்கள் ஆகின்றன. கட்டித் தந்தது, பாளையங்கோட்டையில் ஒரு பெண் பொறியாளர் தாமே தொடங்கி நடத்திவரும் நிறுவனம். பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் மண் கரிசல். மழையில் ஊதி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் ஆழமில்லாமல் நின்ற பழைய வீட்டுச் சுவரில் ஆண்டுதோறும் நீண்ட விரிசலை அப்பா சுண்ணாம்பு பூசி மறைத்துவந்தார். நாங்கள் முதலில் அணுகிய ஒப்பந்தக்காரர் மனையை வண்டியில் இருந்தபடியே பார்த்துவிட்டு, நான்கடி வானம் (அடித்தளத்துக்குத் தோண்டும் குழி) போதும் என்றார். இவரோ விலை பேசுவதற்கு முன்பே மண் பரிசோதனை செய்தாக வேண்டும் என்றார். ஏழடிக்குக் கீழே சுக்கான் என்னும் கெட்டியான அடுக்கு தட்டுப்பட்ட பிறகே அடித்தளக் காங்கிரீட் போடப்பட்டது. ஊதும் மண், சுவரைத் தாங்கும் பேஸ்மட்ட பீமை மேலே தள்ளிவிடாமல் இருக்க, அதன் அடியில் கரிசலை அகற்றிவிட்டுக் கிராவல் நிரப்பினார்கள். இதனால் கூடிய செலவு எதற்கு என்பதை அப்பாவுக்குப் புரியும்படி தாளில் வரைந்து காட்டினார். இந்தச் சித்திரையில் தோட்டத்து நிலம் வழக்கம்போல் பாளம் பாளமாக வெடித்தது. சுவரில் ஒரு கோடு கூட விழவில்லை.

தாமிரபரணி மணல்தான் வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில், 2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மணல் அள்ளத் தடை விதித்த ஆறு அது. திருட்டு மணல் தம் வேலைக்குள் வராது என்று பொறியாளர் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக, பாறையை உடைத்துச் செய்யும் எம் சாண்ட் லோடு வந்தபோது, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மணலும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்து, தூசு எவ்வளவு படிகிறது என்று எங்களையே பார்க்கச் சொன்னார். இரண்டாவது லோடில் தூசு அதிகம் என்று திருப்பி அனுப்பினார்.

கூரைத் தளம் போட்ட நாளை மறக்க முடியாது. கலவை இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு, கையில் டார்ச்சுடன் குனிந்து கம்பிகளுக்கு அடியில் பார்த்துக்கொண்டே வந்தவர், வடகிழக்கு மூலையில் நின்றுவிட்டார். அங்கே கம்பியைப் பலகையிலிருந்து உயர்த்தி வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லித் துண்டுகளைச் செருகியிருந்தார்கள், அவையும் நழுவியிருந்தன. “ஆள் எல்லாம் நிக்கி மேடம்” என்றார் மேஸ்திரி. “கம்பி பலகையில படுத்துக் கிடக்கு அண்ணாச்சி. தூக்கி வச்ச பெறகு ஊத்துவோம்” என்றார். நாற்பது நிமிடம் வேலை நின்றது. கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் காங்கிரீட் இல்லையென்றால் ஈரம் ஏறித் துருப்பிடித்து, சில ஆண்டுகளில் கூரை காறை காறையாக உதிரும். அப்படி உதிர்ந்த அறையில் படுத்து வளர்ந்தவன் என்பதால் அந்த நாற்பது நிமிடத்தின் அருமை எனக்குத் தெரியும். அன்றே 15 சென்டிமீட்டர் கனச்சதுரங்களில் கலவையை நிரப்பி எடுத்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் சோதித்த அறிக்கையை எங்கள் கையில் கொடுத்தார்.

எங்கள் வட்டாரக் கட்டட வேலையில் பெண் என்றால் சித்தாள்தான். இருபது ஆண்டு கலவை சுமந்தாலும் கொத்தனார் கரண்டி கைக்கு வராது. இவரிடம் இரண்டு பெண் கொத்தனார்கள் இருக்கிறார்கள். ஆண் கொத்தனாருக்கு என்ன கூலியோ அதுவே அவர்களுக்கும். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்தும், வேறு எந்த மனையிலும் நான் இதைக் கண்டதில்லை. வானம் தோண்டுவதற்கு முன்பே அவர்கள் எழுப்பியது வேலையாட்களுக்கான கழிப்பறை. எங்கள் சமையலறைச் சுவர் அந்த இருவர் எழுப்பியது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், நூல் பிசகவில்லை.

குறைகளும் உண்டு. ஒன்பது மாதம் என்று சொன்ன வேலை பன்னிரண்டு மாதம் இழுத்தது. மரவேலையை வெளியாளிடம் விட்டதே அதற்குக் காரணம். கதவு நிலை வந்து சேராமல் ஐந்து வாரம் பூச்சு நின்றது. பின்பக்கக் குளியலறையில் தரை வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்கியது. பணம் வாங்காமல் உடைத்து மறுபடி போட்டுக் கொடுத்தார்கள் என்றாலும், அதற்கு நான் மூன்று முறை தொலைபேசியில் அழைக்க வேண்டியிருந்தது. கட்டி முடித்த பிறகு வரும் பழுதுகளைக் கவனிக்கத் தனியாக ஓர் ஆள் அவரிடம் இல்லை. அவசியம் வைக்க வேண்டும்.

சதுர அடிக்கு 2,400 ரூபாய் ஆனது. ஆழ அடித்தளத்துக்குத் தனிக் கணக்கு. மற்றவர்கள் கேட்டதைவிடக் கூடுதல்தான். ஒவ்வொரு கட்டமும் முடிந்து, அளந்து காட்டிய பிறகே பணம் கேட்டார். ஒரே நேரத்தில் நான்கு வீடுகளுக்கு மேல் எடுப்பதில்லை என்பதால் காத்திருக்க வேண்டியிருக்கும். நாங்கள் ஆடியில் போய்க் கேட்டோம். தையில்தான் வானம் தோண்டினார்கள்.