649 டொலர் போச்சு: "முழு செற்" கூடாரம் வாங்கப் போற ஆக்கள் இதை வாசிச்சிட்டுப் போங்கோ

கோவம் ஆற முதல் எழுதுறன், எழுத்துப்பிழை இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ. 649 டொலர். வீட்டுக்குள்ள கஞ்சாச் செடி வளர்க்கிற கூடாரம், லைற், ஃபான், மணத்தைப் பிடிக்கிற கரி ஃபில்ற்றர், ரைமர், துணிச் சாடி நாலு, எல்லாம் ஒரே பெட்டியில எண்டு வித்த "முழு செற்". கடைப் பேர் எழுதேல்லை. உள்வீட்டுத் தோட்டச் சாமான் விக்கிற கடை, ஒன்லைனிலயும் விக்கினம், நேர போயும் எடுக்கலாம், கவுண்டரில நிக்கிறது எங்கட பெடியன். அவ்வளவு காணும். வாங்க முந்தி என்னென்ன பார்க்கோணும் எண்டு கடைசியில பத்து விசயம் எழுதுறன்.

"சீ, இதைப் போய் வெளிய கதைக்கிறதோ" எண்டு நினைக்கிற ஆக்களுக்கு: கனடாவில, ஒன்ராறியோ மாகாணத்தில இது களவு வேலை இல்லை. 2018 ஒக்ரோபர் 17 இல சட்டம் வந்தது. 19 வயசு வந்த ஆக்கள் வீட்டுக்கு 4 செடி வைச்சிருக்கலாம். ஆளுக்கு 4 இல்லை, வீட்டுக்கு 4. விதை சட்டப்படி விக்கிற இடத்தில வாங்கினதா இருக்கோணும். கியூபெக்கில ஏலாது. வாடகை வீடு, கொண்டோ எண்டா ஒப்பந்தத்தை வடிவா வாசியுங்கோ. ஊரில இருந்து பார்க்கிற ஆக்கள் தயவுசெய்து வெளிக்கிடாதேங்கோ, அங்க உள்ளுக்க போட்டிடுவாங்கள். ஏன் இதைச் சொல்லுறன் எண்டா, உந்த வெக்கத்திலதான் இவங்கட யாவாரமே ஓடுது.

எங்க நம்பினது எண்டால், அந்த மீற்றரில. கடையில ஒரு கூடாரம் கட்டி வைச்சிருக்கிறாங்கள், 2 அடிக்கு 4 அடி. பெடியன் சிப்பைத் திறந்து, லைற்றை வாற் மீற்றரில செருகிக் காட்டினவன். 238. "அண்ணை, மற்றவங்கள் மாதிரி 2000 வாற் எண்டு பொய் சொல்ல மாட்டம், பெட்டியில அப்பிடித்தான் அடிச்சிருக்கு, உண்மையா இழுக்கிறது 240, நீங்களே பாருங்கோ." விக்கிறவன் தானாப் பெட்டியில பொய் இருக்கு எண்டு ஒத்துக்கொண்டா ஆர் சந்தேகப்படுவான்? 8 சதுர அடிக்கு, அடிக்கு 30 வாற் எண்டா 240. கணக்கும் சரி. பிறகு, "கிறெடிற் காட் எண்டா 13 வீத வரி சேரும், இன்ரறாக்கில, வங்கிக் கணக்கிலயிருந்து நேர, அனுப்பினா 649 சுத்தமா." அந்த இடத்தில எழும்பி வந்திருக்கோணும். அனுப்பியாச்சு. கட்டி வைச்சிருந்த சாமான் ஒண்டு, பெட்டிக்குள்ள தந்த சாமான் வேற.

வீட்டில அதே மாதிரி மீற்றரில செருகினா 96.

டிம்மர் திருகியை 60 இல விட்டாலும் 96, 100 இல விட்டாலும் 96. திருகி உள்ளுக்க ஒண்டோடயும் தொடுக்கேல்லை, சும்மா சுத்துது. எல்ஈடி டயோட் பதிச்ச தட்டில "சாம்சுங் எல்எம்301எச்" எண்டு, நல்ல டயோட்டின்ர பேரில ஒரு ஸ்ரிக்கர். ஃபோன் கமெராவைக் கிட்டக் கொண்டுபோய்ப் பெருப்பிச்சுப் பார்த்தா, ஒவ்வொரு டயோட்டும் நீள்சதுரம். எல்எம்301 எண்டால் 3 க்கு 3 மில்லிமீற்றர், சரிசதுரமா இருக்கும். இது 2.8 க்கு 3.5, ரியூப் லைற்றுக்குப் போடுற சாதாரண 2835. ஸ்ரிக்கரை நகத்தால கிளப்ப முழுசா வந்திட்டுது.

வாற் குறைஞ்சா என்ன, கரண்ட் பில் லாபம் தானே எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். கணக்கைப் பாருங்கோ. செடிக்குப் பயன்படுற வெளிச்சத்தை மைக்குறோமோலில அளப்பினம். நல்ல டயோட் ஒரு யூல் கரண்டுக்கு (ஒரு வாற் ஒரு செக்கன் எரியிறது) 2.7 மைக்குறோமோல் மட்டில தரும். 240 வாற் எண்டா செக்கனுக்கு 648. கூடாரம் 0.6 க்கு 1.2 மீற்றர், 0.72 சதுர மீற்றர். பிரிச்சா சதுர மீற்றருக்கு 900. பூக்கிற காலத்தில செடிக்கு 600 இலயிருந்து 900 வரை தேவை, ஆகவே சுவரில, மூலையில போற வீணைக் கழிச்சாலும் காணும். இந்த 96 வாற் மலிவுச் சாமான் 1.5 தந்தாலே பெரிய விசயம். 144 ஐ 0.72 ஆல பிரிச்சா 200. அது நாத்துக்குத்தான் காணும். வளர்ந்த செடி வெளிச்சம் தேடி நெட்டையா இழுபடும், கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி கூடும், தண்டு மெலிஞ்சு சரியும், பூ வந்தாலும் பஞ்சு மாதிரி இறுக்கமில்லாமத்தான் வரும். லைற்றைக் கீழ இறக்கினா நடுவில மட்டும் சுடும், நாலு மூலையும் இருட்டு.

இதைவிடப் பயம், வயர். இரண்டு மணித்தியாலத்தில பிளக் தொடேலாத சூடு, பிளாஸ்ரிக் கருகின மணம். திருப்பிப் பார்த்தா கனடாவில செல்லுற பாதுகாப்பு முத்திரை ஒண்டும் இல்லை: சி.எஸ்.ஏ. இல்லை, சி.யூ.எல். இல்லை, சி.ஈ.ரி.எல். இல்லை. சீஈ எண்டு இரண்டு எழுத்து மட்டும். அது ஐரோப்பாவுக்கு, கனடாவில செல்லாது. ஒரு நாளைக்கு 18 மணித்தியாலம் எரியப்போற சாமான் இது, துணிக்கூடாரத்துக்குள்ள, தண்ணிச் சாடிக்கு மேல.

மிச்சத்தைச் சுருக்கமாச் சொல்லுறன். கரி ஃபில்ற்றரை ஆட்டினாச் சலசலக்குது. இறுக்கி அடைக்கேல்லை. படுக்கையாத் தொங்கவிட்டாக் கரி கீழ இறங்கி மேல்பக்கம் வெறுமையாகும், அதுக்குள்ளால மணம் முழுக்க வெளிய. பக்கத்து வீட்டுக்காரர் கேக்கேக்க அந்தப் பெடியனோ வந்து பதில் சொல்லுவான்? 4 அங்குல ஃபானைப் போட்டா கூடாரச் சுவர் கொஞ்சம் உள்ளுக்கு வளையோணும், அப்பதான் காத்து ஃபில்ற்றருக்குள்ளால போகுது எண்டு அர்த்தம். இது அசையவே இல்லை. கூடாரத்துக்குள்ள போய்ச் சிப்பைப் பூட்டிப்போட்டு நிண்டா, தையல் எல்லாம் நட்சத்திரம் மாதிரி ஓட்டை. 12 மணித்தியாலம் இருட்டு வேணும் எண்ட காலத்தில உப்பிடி வெளிச்சம் ஒழுகினா பெண் செடியிலயே ஆண் பூ வந்து, எல்லாம் விதை பிடிச்சிடும். "ஃப்ரீ" எண்டு தந்த நாலு விதை ஒரு சின்னப் பொலித்தீன் பையில, பேர் இல்லை, லேபிள் இல்லை. அது சட்டப்படி வந்த விதையே இல்லை. சட்டத்துக்குள்ள நிக்க வாற ஆளைச் சட்டத்துக்கு வெளிய தள்ளுற வேலை.

இனி அவங்கள் காய் வெட்டின விதம். வட்ஸ்அப்பில படம் அனுப்பினவுடன, "அண்ணை உங்கட மீற்றர் பிழை." வேற மீற்றர் இரவல் வாங்கி அனுப்ப, "எல்ஈடி எண்டா அப்பிடித்தான், 2000 எண்டது ஈக்குவலன்ற்." உங்கட கடையில 238 காட்டினீங்களே எண்டா, "அது பழைய ஸ்ரொக்." சரி, திருப்பி எடு எண்டா, "பெட்டி உடைச்சாச்சு, 25 வீதம் கழிப்பம்." கழி, மிச்சத்தைத் தா எண்டா, "முதலாளி ஊருக்குப் போட்டார்." முதலாளி எப்ப வருவார் எண்டு மூண்டு தரம் கேக்க, நீலச் சரி மட்டும். நேர போய் நிக்க, பெடியன் குரலைத் தாழ்த்திச் சொன்ன வசனம் இது: "அண்ணை, உந்தச் சாமானுக்கு எங்க போய் முறையிடப் போறியள்? ஆக்கள் என்ன நினைப்பினம்?"

அதுதான் இவங்கட துணிவு. வடை சட்டி பழுதெண்டாச் சண்டை பிடிக்கிற எங்கட சனம், இதில வாய் திறக்காது எண்டு தெரியும். அதே கடையில ஆர் ஆர் இன்னும் ஏமாந்திருக்கினமோ, ஒருத்தரும் மூச்சு விடேல்லை. 649 டொலரைப் பேய்க்காட்டி வாங்கிப்போட்டு, வெக்கப்படவேண்டியது வாங்கின ஆளாம்.

பத்து விசயம் எழுதுறன் எண்டன், இப்ப அதுக்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் பிடியுங்கோ. இன்ரறாக்கில அனுப்பாதேங்கோ, மற்றப் பக்கம் வைப்பிலிட்டா அந்தக் காசு திரும்பாது; காட் எண்டா வங்கி மூலம் முறையிட்டுக் காசைத் திருப்பிக் கேக்கலாம். 649 க்கு வரி 84 டொலர் 37 சதம், அதை மிச்சம் பிடிக்கப் போய் முழுசும் போச்சு, ரசீதும் இல்லை. கட்டி வைச்சதைப் பார்க்காதேங்கோ, உங்களுக்குத் தாற பெட்டியை அங்கேயே உடைச்சு, அதை மீற்றரில செருகச் சொல்லுங்கோ. 30 டொலர் மட்டில மீற்றர் வரும், சொந்தமா ஒண்டு கொண்டுபோங்கோ. சி.எஸ்.ஏ. மாதிரி முத்திரை இல்லாட்டி வெளிய வந்திடுங்கோ. முத்திரை இல்லாத மின்சாமான் விக்கிறது ஒன்ராறியோவில பிழை, மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கலாம். செடி எந்தச் செடி எண்டு அதுக்கு ஒரு தேவையும் இல்லை. படங்களோட அறிவிச்சாச்சு.

செற்றா வாங்காதேங்கோ. அவ்வளவுதான். லைற், ஃபில்ற்றர், கூடாரம் தனித்தனியா.

இன்னொண்டு, அந்த லைற்றை "தக்காளி நாத்துக்கு எண்டாலும் தாங்கோவன்" எண்டு இரண்டு பேர் கேட்டிட்டினம். தரமாட்டன். பிளக் சுடுது.