64 ஸ்லைஸ் சி.டி.யும் இட்டரேட்டிவ் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனும்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

சி.டி. படத்தில் இரைச்சல் (புள்ளி புள்ளியான கரகரப்பு) அதிகமாகத் தெரிந்தால் பலரும் முதலில் எம்.ஏ.யை (எக்ஸ்ரே குழாயின் மின்னோட்டம்) ஏற்றுவார்கள், இல்லையென்றால் இரைச்சலைக் குறைக்கும் இட்டரேட்டிவ் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் மென்பொருளின் சதவீதத்தைக் கூட்டுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது டேபிள் உயரம்.

எக்ஸ்ரே குழாய்க்கு முன்னால் இருக்கும் போடை ஃபில்டர் (நடுவில் மெலிந்து ஓரங்களில் தடித்த கதிர்வடிகட்டி), நோயாளி கேன்ட்ரியின் (ஸ்கேனரின் வளையம்) நட்டநடுவில் இருக்கிறார் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. டேபிள் சில சென்டிமீட்டர் தாழ்ந்தாலே, வயிற்றின் தடித்த பகுதிக்கு நேராக ஃபில்டரின் தடித்த பகுதி வந்துவிடும். அங்கே சேரும் கதிர் குறையும். இதோடு போவதில்லை. ஸ்கவுட்டை (ஸ்கேனுக்கு முன் எடுக்கும் முன்னோட்டப் படம்) குழாய் மேலே இருக்கும்படி எடுத்தால், தாழ்ந்த நோயாளி குழாயிலிருந்து விலகி ஒல்லியாகத் தெரிவார்; மின்னோட்டத்தைத் தானாக நிர்ணயிக்கும் ஆட்டோ எம்.ஏ. அதை நம்பி மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். குழாய் கீழே இருந்தால் நேர் எதிர்: பருமனாகத் தெரிவார், தேவையில்லாத கதிர் வாங்குவார். பக்கவாட்டு லேசரை நடு அக்குள் கோட்டில் நிறுத்துங்கள். பக்கவாட்டு ஸ்கவுட்டிலும் ஒருமுறை சரிபாருங்கள். அரை நிமிட வேலைதான்.

அடுத்தது ஸ்லைஸ் தடிமன். 5 மி.மீ.யிலிருந்து 1.25 மி.மீ.க்கு இறங்கினால் ஃபோட்டான்கள் கால் பங்காகும், இரைச்சல் இரட்டிக்கும். அதைக் கதிரால் ஈடுகட்ட 4 மடங்கு எம்.ஏ.எஸ். (மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கியது) வேண்டும், நோயாளிக்கு அது நியாயமில்லை. ஆகவே மெல்லியதாக ஸ்கேன் செய்து, வயிற்றை 3 முதல் 5 மி.மீ.யில் ரீகன்ஸ்ட்ரக்ட் செய்து பாருங்கள். மெல்லிய தொகுப்பு நுரையீரல், எலும்பு, கொரோனல் (முன்னிருந்து பார்க்கும் வெட்டு) படங்களுக்கு உதவும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகுதான் இட்டரேட்டிவ் முறையின் அருமை புரியும். வயிற்றுக்கு 30–50 சதவீதக் கலவை (பழைய முறைப் படத்தோடு இட்டரேட்டிவ் படத்தைச் சேர்க்கும் அளவு) நன்றாக உழைக்கிறது. 80-ஐத் தாண்டினால் ஈரல் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். ஆர்.ஓ.ஐ. (படத்தில் வரையும் அளவு வட்டம்) வைத்து அளந்தால் எஸ்.டி. (இரைச்சலைக் காட்டும் திட்டவிலக்கம்) அழகாகக் குறைந்திருக்கும், ஆனால் மிஞ்சிய இரைச்சல் திட்டுத்திட்டாக மாறி, சுற்றுத் திசுவிலிருந்து 10 எச்.யு. (சி.டி. அடர்த்தி அலகு) மட்டுமே வேறுபடும் சிறு கட்டியை அதற்குள் மறைத்துவிடும். எஸ்.டி.யை மட்டும் நம்பி கதிரைக் குறைப்பது ஆபத்து. கலவையையும் கதிரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். கதிரை 10 சதவீதப் படிகளாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் ரிப்போர்ட் எழுதும் மருத்துவரிடம் படங்களைக் காட்டுங்கள். 2019-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி பெற்ற ட்ரூஃபிடெலிட்டி, ஏ.ஐ.சி.இ. போன்ற டீப் லேர்னிங் முறைகளில் திசுவின் இயல்பான தோற்றம் பெரும்பாலும் நிலைக்கிறது. கதிரை அளவுக்கு மீறிக் குறைத்தால் அவையும் நுணுக்கத்தை வழித்துவிடும்.

கையை இறக்கி வைத்து எடுத்த மார்பு, வயிற்றுப் படங்களில் வரும் கோடுகளை எந்த மென்பொருளும் முழுதாக அகற்றாது. முடிந்தவரை கையைத் தலைக்கு மேல் தூக்க வையுங்கள். ஆஞ்சியோவில் ஒல்லியானவர்களுக்கு 100 கே.வி. (குழாய் மின்னழுத்தம்) போதும், கான்ட்ராஸ்ட் மருந்திலுள்ள அயோடினின் கே-விளிம்பு (எக்ஸ்ரேயை உறிஞ்சுவது திடீரென்று கூடும் ஆற்றல்) 33.2 கே.இ.வி., குறைந்த கே.வி. அதற்கு நெருங்குகிறது என்பதால் நாளம் இன்னும் பளிச்சென்று தெரியும், கூடும் இரைச்சல் உறுத்தாது. பருமனானவர்களுக்கு 120 கே.வி.யை மாற்ற வேண்டாம்.

படத்தில் திடீரென்று வளையமோ கோடோ வந்தால் சர்வீஸ் இன்ஜினியரை அழைக்கும் முன் கேன்ட்ரியின் உள்வட்டத்தை மூடும் மைலார் பிளாஸ்டிக் தாளைப் பாருங்கள். சிந்திக் காய்ந்த ஒரு துளி கான்ட்ராஸ்ட் போதும், படம் கெட. ஈரத்துணியால் துடைத்து, குழாயைச் சூடேற்றி, ஏர் கேலிபரேஷன் (வெறும் காற்றை வைத்து டிடெக்டரைச் சரிசெய்தல்) ஓட்டி, தண்ணீர் ஃபான்டமை (தண்ணீர் நிரப்பிய சோதனை உருளை) ஸ்கேன் எடுங்கள். சராசரி 0-ஐ ஒட்டி 4 எச்.யு.வுக்குள் நிற்க வேண்டும். அந்த எண்ணோடு எஸ்.டி.யையும் தினமும் நோட்டில் குறித்துவைத்தால், டிடெக்டர் கெட ஆரம்பிப்பது நோயாளியின் படத்தில் தெரிவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும்.