மெட் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பு: கலை வரலாற்று மாணவருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

காசும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். கலை வரலாறு படிப்பவருக்கு இப்படிக் கிடைக்கிற கருவிகளில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்புக்கே முதலிடம் தரலாம். படத்தை இறக்கிக்கொண்டு நகர்ந்துவிடுபவர்கள்தான் அதிகம். நாளைக்கு வேலைக்கு உதவப்போவதோ படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது.

முதலில் படம். பதிப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை 2017 பிப்ரவரியில் சிசி ஜீரோ முறையில், அதாவது யாரும் எதற்கும் தடையில்லாமல் பயன்படுத்தும்படி, திறந்துவிட்டார்கள். தேடலில் ‘ஓப்பன் ஆக்சஸ்’ வடிகட்டியைப் போட்டால் இவை மட்டும் வரும். ஆய்வேட்டிலும் நூலிலும் அனுமதிக் கடிதம் இல்லாமல் சேர்க்கலாம். 20-ஆம் நூற்றாண்டுப் படைப்புகள் பலவற்றுக்கு இது பொருந்தாது. நூல் அச்சுக்குப் போகும் நேரத்தில்தான் பலருக்கு இது உறைக்கும்.

‘நிற்கும் பார்வதி’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். சோழர் காலம், சுமார் 10-ஆம் நூற்றாண்டின் முதற்கால், உயரம் 69.5 செ.மீ., பதிவெண் 57.51.3. எண்ணின் முதல் பகுதி பதிவேட்டில் ஏறிய ஆண்டு, அதாவது 1957. யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும் நன்றி வரியிலோ கோரா டிம்கென் பர்னெட்டின் உயில்கொடை, 1956 என்றிருக்கும். பிழை என்று நினைத்து ஒன்றைத் திருத்திவிடாதீர்கள். கொடையின் ஆண்டு வேறு, பதிவின் ஆண்டு வேறு.

பொருள் என்ற இடத்தில் செப்புக் கலவை என்று மட்டும்தான் போட்டிருப்பார்கள். பழக்கதோஷத்தில் அதை ஐம்பொன் என்று எழுதினால், பகுப்பாய்வு எதுவும் செய்யாமலே அதில் தங்கமும் வெள்ளியும் இருக்கின்றன என்று சொன்னதாகிவிடும். ஏல நிறுவனப் பட்டியலில் அப்படி ஒரு சொல் விழுந்தால் வில்லங்கம்.

அதிக நேரம் செலவிட வேண்டியது ‘ப்ரொவனன்ஸ்’ பகுதியில், அதாவது பொருள் கைமாறிய வரலாற்றில். சதுர அடைப்புக்குள் வரும் பெயர் வணிகருடையது. ‘பை 1960’ என்றால் அந்த ஆண்டில் அவர் கையில் இருந்தது உறுதி, வாங்கியது அதற்கு முன்பாகவும் இருக்கலாம்; ‘அன்டில்’ என்றால் அந்த ஆண்டுவரை. பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் 1970 யுனெஸ்கோ உடன்படிக்கை, தொல்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் இந்தியாவின் 1972 சட்டம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொருள் நாட்டைவிட்டு எப்போது வெளியேறியது என்று தேடுங்கள். பல பக்கங்களில் விடை இருக்காது. அந்த இடைவெளியைக் குறித்துக்கொள்வதே பயிற்சி. சிலைக் கடத்தல் வழக்கில் சிக்கிய கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூர் ஒரு கட்டத்தில் விற்றவை என்பதால் 15 சிற்பங்களை இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக மெட் அறிவித்தது 2023-ல். அருங்காட்சியகங்கள் கைமாற்ற ஆய்வாளர்களைத் தேடுவது இதனால்தான்.

குறைகளும் உண்டு. செப்புத் திருமேனியின் பின்பக்கமும் பீடத்தின் அடியும் எல்லாப் பொருளுக்கும் கிடைக்காது. காலம் கணிக்கப் பின்தலையில் இருக்கும் வட்ட அணியான சிரச்சக்கரமும் ஆடை முடிச்சும் வேண்டுமே! எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்பதும் பெரும்பாலும் இல்லை. அதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்போடு ஒப்பிட வேண்டும். 1950-களிலிருந்து கோயில்களில் எடுத்த படங்கள் அங்கே இருக்கின்றன. பொருளின் சேத நிலை அறிக்கையும் இந்தப் பக்கங்களில் வராது. அருங்காட்சியகப் பொருள்களின் பதிவையும் நிலையையும் கவனிக்கும் பதிவாளர் வேலைக்குப் போக நினைப்பவர் அதை ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தில் கைவிளக்கும் அளவுநாடாவுமாக நின்றுதான் கற்க வேண்டும்.

நிரல் தெரிந்தவர்களுக்குக் கூடுதல் வசதி: தொகுப்பின் தரவை நிரல் வழியே எடுக்க உதவும் ஏபிஐக்குச் சாவி (அனுமதிக் குறியீடு) தேவையில்லை, நொடிக்கு 80 கோரிக்கைக்குள் இருந்தால் போதும்.

வாரம் ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளலாம். விளக்கத்தை மறைத்துவிட்டு 150 சொல்லில் குறிப்பு எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். எழுதும் முன் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். திரையில் எல்லாச் சிலையும் ஒரே உயரம்தான்.